தஞ்சாவூர் ஓவியமா, வாட்டர் கலரா, அக்ரிலிக்கா, சுடுமண் நகையா?

பொழுதுபோக்காக ஓவியமோ கைவினையோ கற்றுக்கொள்ளலாம் என்று இறங்குகிறவர்கள் பெரும்பாலும் எது சுலபம், எதில் செலவு கம்மி என்று விசாரித்துவிட்டு ஏதாவது ஒரு வகுப்பில் சேர்ந்துவிடுகிறார்கள். அதற்கு முன்னால் ஒன்றை முடிவு செய்துகொள்வது நல்லது. சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டுமா, வரையத் தெரிந்த கை வேண்டுமா? இரண்டும் ஒரே இடத்தில் முழுசாகக் கிடைக்காது. நம் ஊரில் ஆட்கள் அதிகம் தேடிப்போகிற நான்கை இந்தக் கண்ணோடு பார்க்கலாம்.

சுவரில் மாட்டத்தான் வேண்டும் என்றால் தஞ்சாவூர் ஓவியத்தை அடிக்க ஆளில்லை. பிளைவுட் பலகையில் காடாத் துணியை ஒட்டி, அதன்மேல் சாக் பவுடரும் பசையும் கலந்து பூசி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்ப்பது முதல் வேலை. அந்தக் காலத்தில் பலா மரப்பலகை, புளியங்கொட்டைப் பசை. இப்போது பல வகுப்புகளில் பலகையைத் தயாராகவே கொடுத்துவிடுகிறார்கள். குட்டிக் கிருஷ்ணரோ கஜலட்சுமியோ, ஒரு படத்தைக் கார்பன் தாள் வைத்துப் பலகைக்கு மாற்றி, நகை வரும் இடங்களில் கற்களை ஒட்டி, சாக் பவுடர்க் கூழால் புடைப்பாக வேலை செய்ய வேண்டும். மக் வேலை என்பது இதைத்தான். ஒரேயடியாகத் தடிமனாக வைத்தால் காயும்போது வெடித்துவிடும். மெல்லிசாக, ஒன்று காய்ந்தபின் அதன்மேல் இன்னொன்று என்று வைக்க வேண்டும்.

அப்புறம்தான் தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தகடு. புடைப்பின்மேல் அரபிக் கோந்தைத் தடவி, தாள் முதுகோடு வரும் ரேக்கை அளவாக வெட்டி வைத்து, விரல் நுனியாலும் பிரஷ்ஷின் பின்முனையாலும் அழுத்த வேண்டும். கல்லைச் சுற்றியுள்ள பள்ளத்தில் அது உட்காரும் வரை பொறுமை தேவை. கோந்து அதிகமானால் மேலே வழிந்து பளபளப்பைக் கெடுக்கும். குறைந்தால் ஓரம் கிளம்பும். பிறகு கல்லின்மேல் மூடியிருக்கும் ரேக்கைக் கத்தி முனையால் கீறி எடுத்தால் கல் வெளியே வரும். அந்த நிமிஷத்துக்காகவே இதில் சேரலாம். அசல் தங்க ரேக்கு எத்தனை வருடமானாலும் கறுக்காது. மலிவான போலி ரேக்கு கறுத்துவிடும். இரண்டு வகுப்புகளின் கட்டணம் ஏன் இவ்வளவு வித்தியாசப்படுகிறது என்று யோசித்தால், பல நேரம் காரணம் இந்த ரேக்கில்தான் இருக்கும்.

கோடே போடத் தெரியாதவரும் முறை பிசகாமல் செய்தால் பார்க்கிறவர் அசரும் படம் வந்துவிடும். அதுதான் இதன் பெரிய பலம், பலவீனமும் அதுவே. நாலைந்து படம் முடித்தவரிடம் வெள்ளைத்தாளைக் கொடுத்து எதிரே இருக்கும் டீ டம்ளரை வரையச் சொன்னால் முழிப்பார். மராட்டியர் காலத் தஞ்சையில் இதைச் செய்தவர்களும் வகுத்து வைத்த உருவ இலக்கணத்தைப் பின்பற்றியவர்கள்தான். ஆனால் அவர்களுக்கு வரையத் தெரியும்!

வாட்டர் கலர் இதற்கு நேர் எதிர். சாமான் செலவு கம்மி, மனச்செலவு ஜாஸ்தி. கையடக்கமான ஒரு வண்ணப் பெட்டி, ரவுண்ட் பிரஷ் இரண்டு, தண்ணீர் டம்ளர், பழைய துணி, அவ்வளவுதான். தாளில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. பள்ளிக்கூட ட்ராயிங் நோட்டுத் தாள் தண்ணீர் பட்டதும் சுருண்டு, நாலு முறை பிரஷ் போனால் நூல் நூலாகக் கிளம்பும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) உள்ள தடித்த தாள் வாங்குங்கள். பருத்தி கலந்ததாக இருந்தால் இன்னும் நல்லது, ஈரம் நின்று வேலை செய்ய அவகாசம் தரும். தாள் சரியில்லாததால் வந்த வினையைத் தன் கைராசி என்று நினைத்து விட்டுவிட்டுப் போனவர்கள் ஏராளம்.

ஒரு வானம் தீட்டிப் பாருங்கள். லேசாகச் சாய்த்து வைத்த தாளின் மேல் ஓரத்தில் ஒரு நீலப் பட்டை இழுத்தால், அதன் அடியில் தண்ணீர் திரண்டு நிற்கும். அது காய்வதற்குள் அடுத்த பட்டை அதைத் தொட்டுக்கொண்டே இறங்க வேண்டும். மே மாதச் சென்னையில் ஃபேன் போட்டுக்கொண்டு இதைச் செய்ய முடியாது, பட்டைக்குப் பட்டை காய்ந்து வரிவரியாக நிற்கும். ஃபேனை நிறுத்தினால் வியர்வை தாளில் சொட்டும். விடிகாலைதான் ஒரே வழி. பாதி காய்ந்த இடத்தில் ஆசைப்பட்டு மறுபடி ஈரப் பிரஷ்ஷை வைத்தால் ஓரம் பூப்பூவாக விரிந்துவிடும், திருத்த முடியாது. வெள்ளை என்பதும் தாளின் வெள்ளைதான். கோயில் குளத்தில் வெயில் மின்னும் இடம் எது என்று பிரஷ்ஷை நனைப்பதற்கு முன்பே தீர்மானித்து, அதைத் தொடாமல் விட வேண்டும். இப்படி முன்கூட்டியே பார்க்கப் பழக்குவதால்தான் நான் இதை மற்றவற்றுக்கு மேலே வைக்கிறேன். பாதியில் விட்டுப்போகிறவர்களும் இதில்தான் அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், வாட்டர் கலரில் வண்ணப் பொடியைப் பிடித்து வைத்திருப்பதும் தங்க ரேக்கை ஒட்டிய அதே அரபிக் கோந்துதான். தண்ணீரில் கரைகிற கோந்து என்பதால், பெட்டியில் மாதக்கணக்காகக் காய்ந்து கிடந்த வண்ணம்கூட ஈரப் பிரஷ் பட்டதும் உயிர்பெற்றுவிடும். அக்ரிலிக்கில் அந்தச் சலுகை கிடையாது. அதில் இருப்பது பிளாஸ்டிக் வகைப் பசை. காய்ந்தால் காய்ந்ததுதான், கழுவ மறந்த பிரஷ் வெறும் குச்சி.

அதே குணம்தான் புதிதாகக் கற்பவரைக் காப்பாற்றுவதும். மரம் கோணலாக வந்துவிட்டதா, காயட்டும், அதன்மேலேயே வானத்தைப் பூசிவிட்டு வேறொரு மரம் வரையலாம். கேன்வாஸ், மரப்பலகை, பாட்டில், மண்பானை என்று எதன்மேலும் ஏறும். பானைக்கு மட்டும் முதலில் ஒரு பூச்சு பிரைமர் அடித்துவிடுங்கள், இல்லையென்றால் மண் வண்ணத்தைக் குடித்துவிடும். நம் வெயிலில் பாலெட்டிலேயே காய்ந்துவிடுகிறதே என்றால், ஈரத் துணியின்மேல் பட்டர் பேப்பரை விரித்து அதில் வண்ணத்தை வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு தொல்லை, காய்ந்ததும் நிறம் கொஞ்சம் அடர்ந்துவிடும். நேற்றுக் கலந்த அதே நிறத்தை இன்று கலந்து ஒட்டுப்போட நினைத்தால் தலைவலிதான்.

சுடுமண் நகையை இந்த வரிசையில் வைத்தால் சிலர் முகம் சுளிப்பார்கள், கைவினை ஓவியத்துக்கு ஒரு படி கீழே என்ற எண்ணம். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966-ல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியபோது, ஓவியர்கள் பாத்திக் (மெழுகு வைத்துச் சாயமிடும் துணி) முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்ற காசில்தான் நிலமே வாங்கினார்கள். ஆகவே அந்தப் பேச்சு வேண்டாம்.

நான்கிலும் சாமான் செலவு குறைவு இதில்தான். களிமண்ணைப் பிசைந்து உருட்டி, ஜிமிக்கிக்குக் குடை பிடித்து, கொக்கி மாட்டத் துளை போட்டு, நிழலில் நாட்கணக்கில் காயவிட வேண்டும். சிக்கல் சுடுவதில் இருக்கிறது. மண் மறுபடி கரையாத சுடுமண்ணாக மாற 600 டிகிரி செல்சியஸ் அளவுக்காவது சூடு ஏற வேண்டும். வீட்டு ஓவன் 250-ஐத் தாண்டாது. ஆக, உமியோ மரத்தூளோ வறட்டியோ போட்டுச் சுட ஒரு திறந்த இடம் வேண்டும். உள்ளே ஈரம் மிச்சமிருந்தால் சுடும்போது வெடித்துவிடும். காற்று தாராளமாகப் போனால் மண்ணில் உள்ள இரும்பு சிவப்பாகிவிடும். காற்றை அடைத்துப் புகையில் விட்டால் கறுப்பு. கீழடியில் கிடைத்த கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகளிலும் இந்த வித்தைதான். அபார்ட்மென்ட்காரர்கள் சுட்டுத் தர ஆள் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு மண் வாங்குவது உத்தமம்.

யாருக்கு எது? தினமும் அரை மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் வாட்டர் கலர், எடுத்து வைக்க ஒரு நிமிஷம் போதும். சனி ஞாயிறு மட்டும், ஆனால் மணிக்கணக்கில் உட்கார முடியும் என்றால் தஞ்சாவூர் ஓவியம். பலகையைக் கலைக்காமல் வைக்க ஒரு மூலை மட்டும் வேண்டும், வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதுவே கஷ்டம். எதுவும் புரியவில்லை, சும்மா ஆரம்பித்துப் பார்க்கிறேன் என்கிறவர்களை நான் அக்ரிலிக் பக்கம் அனுப்புவேன்.

தஞ்சாவூர் வகுப்பில்தான் சேருவேன் என்றால், பணம் கட்டுமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: முகத்தை யார் எழுதுவது? கண், மூக்கு, உதடு என்று வரும்போது பிரஷ்ஷை ஆசிரியரே வாங்கி முடித்துக் கொடுக்கிற வகுப்புகள் உண்டு. படம் பிரமாதமாகத்தான் இருக்கும், அடுத்த படத்துக்கும் அவரிடமே போக வேண்டியிருக்கும். ‘நீங்களே எழுதுங்கள், கெட்டுப்போனால் ஈரத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி எழுதலாம்’ என்று சொல்கிற இடமாக இருந்தால் கட்டணம் கொஞ்சம் கூடினாலும் கட்டலாம்.