பயோலொஜிக் ஊசியும் எங்கட திருகோணமலை வெக்கையும்

வாதத்துக்கும் சொரியாசிசுக்கும் போடுற பயோலொஜிக் ஊசி தொடங்கலாமா, பயமில்லையா எண்டு கேட்டு எனக்கு கோல் எடுக்கிற ஆக்கள் இப்ப கூடிப்போச்சு, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா கதைக்கிறதை விட ஒருக்கா எழுதி வைச்சா நல்லம் எண்டு பட்டுது. முதலே சொல்லிப்போடுறன், நான் டொக்டர் இல்ல, மிஸியும் இல்ல. உப்புவெளிப் பக்கம் வீட்டில வைச்சுத் தைக்கிற ஆள், சாரி ஜக்கெட், ஸ்கூல் யூனிபோம், இப்பிடி. எனக்கு இருக்கிறது சொரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ், அதாவது தோலில சொரியாசிஸ், மூட்டில வாதம், ரெண்டும் ஒரே வருத்தத்தின்ட ரெண்டு பக்கம். 2019 இல இருந்து பயோலொஜிக் போடுறன், முதல் அடலிமுமாப், இப்ப செக்குகினுமாப். என்ட முடிவை இப்பவே சொல்லுறன்: ஊசி வேலை செய்யுது, வடிவா செய்யுது, ஆனா எங்கட ஊரில அதைக் குளிரா வைச்சிருக்கிறதும் இடையில அறாமக் கிடைக்கப் பண்ணுறதும் தான் பாதி வைத்தியம்.

வருத்தம் வந்த கதையைக் கனக்க நீட்டேல்ல. தலையில செதில், முழங்கையில படை, பொடுகு எண்டு எண்ணெய் வைச்சுக் காலம் போச்சுது. கனபேருக்குத் தோல் தான் முதல் வரும், மூட்டு வர பத்து வருசமும் எடுக்குமாம், சொரியாசிஸ் உள்ள நூறு பேரில முப்பது பேர் வரைக்கும் இது மூட்டுக்கு இறங்கலாம் எண்டு பிறகு தான் தெரியும். எனக்குக் குதிக்கால் நோ தான் முதல் வந்தது, விடிய எழும்பி நிலத்தில கால் வைக்க ஏலாது. பிறகு வலக்கை நடுவிரல் அடியில இருந்து நுனி வரைக்கும் ஒரே பருமனா வீங்கி நிண்டுட்டுது, மூட்டு மட்டும் வீங்கிறது வேற, இது முழு விரலும். நகத்தில சின்னச்சின்னக் குழி. வாதத்துக்கு எண்டு எடுக்கிற ஆர்ஏ ஃபெக்டர் பிளட் டெஸ்ட் நெகட்டிவ் எண்டு வந்தபடியால ஒரு இடத்தில வாதமே இல்ல, மெஷின் மிதிக்கிற களைப்பு எண்டு சொல்லி நோக்குளிசை தந்து விட்டிட்டினம். இந்த வருத்தத்தில அந்த டெஸ்ட் பெரும்பாலும் நெகட்டிவா தான் வரும், அதனால உங்களுக்கும் தோலில படை இருந்து விடிய எழும்பேக்க விரல் மடக்க ஏலாம அரை மணித்தியாலம் ஒரு மணித்தியாலம் இறுகிக் கிடந்தா, அந்த ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்து நிம்மதியா இருக்காதேங்கோ, நகத்தைக் காட்டுங்கோ.

அந்த நேரம் எனக்கு ஜக்கெட்டுக்குக் கொக்கி தைக்க ஏலாமப் போச்சுது. மெஷின் ஓட்டலாம், கத்தரிக்கோலும் எப்பிடியோ ரெண்டு கையாலும் பிடிச்சு வெட்டலாம், ஆனா கொக்கி கைத்தையல் தானே, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில ஊசியைக் கிள்ளிப் பிடிக்கிற அந்த ஒரு பிடி இல்லாமப் போனா தையல்காரி பாடு என்ன. கொக்கிக்கு மட்டும் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு காசு குடுத்துத் தைப்பிச்சன்.

ஊரில சொன்ன வைத்தியம் எல்லாம் சொல்லத் தேவையில்ல, உங்களுக்கும் சொல்லியிருப்பினம். கன்னியாவில போய் ஏழு வெந்நீர்க் கிணத்துத் தண்ணியிலயும் குளி எண்டிச்சினம், கடல்ல முழுகு எண்டிச்சினம், வெட்பாலை எண்ணெய் பூசு எண்டிச்சினம். சித்த மருத்துவம் கம்பஸில வைச்சுப் படிப்பிக்கிற ஊர் இது, நான் பழிக்கேல்ல. வெட்பாலை எண்ணெய் செதிலை இளக்கினது உண்மை, கடலும் வெயிலும் தோலுக்குக் கொஞ்சம் குணம் காட்டினதும் உண்மை, வெயிலில இருக்கிற யூவிபி கதிர் தோலைத் தணிக்கிறதாலதான் ஸ்கின் கிளினிக்கில அதே கதிரை லைட் பெட்டிக்குள்ள நிப்பாட்டி அளவாக் குடுக்கினம். ஆனா மூட்டுக்கு இது ஒண்டும் போய்ச் சேராது. தோல் ஆறினா மூட்டும் ஆறும் எண்டு பார்த்துக்கொண்டிருந்தா எலும்பு அரிச்சுப்போடும், அரிச்ச எலும்பு எந்த மருந்துக்கும் திரும்பி வளராது எண்டு டொக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டினவ.

பயோலொஜிக் தான் முதல் மருந்து எண்டு நினைக்காதேங்கோ. மெத்தோட்ரெக்சேட் குளிசை தான் முதல், கிழமைக்கு ஒருநாள் மட்டும். இதை நாளாந்தம் குடிச்சா ஆளையே கொண்டுபோகும், அதால என்ட கிளினிக் கொப்பியில மிஸி சிவப்புப் பேனையால "புதன்" எண்டு பெரிசா எழுதிவிட்டவ, ஃபோலிக் அசிட் வேற நாளில. ஈரல் டெஸ்ட் எடுத்துக்கொண்டே இருக்கோணும். தோல் கொஞ்சம் தணிஞ்சுது, விரலும் குதிக்காலும் அசையேல்ல. சல்பசலசீன் எண்ட இன்னொரு குளிசையும் போட்டுப் பார்த்தம். அதுக்குப் பிறகு தான் பயோலொஜிக் எண்ட கதை வந்தது.

ஊசிக்கு முதல் எடுக்கிற டெஸ்ட்டுகளில ஒண்டையும் தட்டிக்கழிக்காதேங்கோ, முக்கியமா கசநோய் டெஸ்ட். டிஎன்எஃப் எண்டு உடம்புக்குள்ள ஒரு புரதம், அழற்சியைக் கிளப்பிவிடுற தூதன் அது தான், அடலிமுமாப் அதைப் பிடிச்சுக் கட்டிப்போடுது. ஆனா அதே டிஎன்எஃப் தான் எப்பவோ உடம்புக்குள்ள வந்து சத்தமில்லாமக் கிடக்கிற கசநோய்க் கிருமியைச் சுத்தி வேலி போட்டு வைச்சிருக்கிறதும். வேலியைப் பிரிச்சா கிருமி எழும்பும். எனக்குக் கசநோய் பார்க்கக் கையில போட்ட மாண்டு ஊசி நல்லாத் தடிச்சு எழும்பினது, இருமலும் இல்ல சளியும் இல்ல, எக்ஸ்ரே சுத்தம், எண்டாலும் செஸ்ட் கிளினிக்குக்கு அனுப்பி ஐசோனியசிட் எண்ட கசநோய்க் குளிசை தொடங்கி, அது கொஞ்சக் காலம் போனபிறகு தான் பயோலொஜிக்கில கை வைச்சவை. அந்த நேரம் எனக்குச் சரியான எரிச்சல், இப்ப விளங்குது. ஹெப்பட்டைட்டிஸ் பி, சி, எச்ஐவி டெஸ்ட்டும் எடுப்பினம், எச்ஐவி எண்டவுடன முகம் சுழிக்கிற ஆக்கள் இருக்கினம், எல்லாருக்கும் எடுக்கிறது தான்.

இந்த மருந்தின்ட பின்கதை எனக்குப் பிடிக்கும். லண்டனில மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி எண்டு ரெண்டு பேர் தான் டிஎன்எஃபை மறிச்சா வாதம் அடங்கும் எண்டு காட்டினவை, 1992 இல முதல் நோயாளிகளுக்கு ஊசி போட்டுப் பார்த்தவை. அடலிமுமாப்புக்கு அமெரிக்காவில அனுமதி கிடைச்சது 2002 கடைசியில, அதை உருவாக்கின முறைக்காக கிரெகரி வின்ரருக்கு 2018 இல நோபல் பரிசிலயும் பங்கு கிடைச்சுது. இந்தியாவில அதே மாதிரி மருந்தை, பயோசிமிலர் எண்டுவினம், 2014 இல சைடஸ் கொம்பனி விட்ட பிறகு தான் எங்கட பக்கத்து ஆக்களும் இதைப் பற்றி யோசிக்கிற விலைக்கு மெல்ல மெல்ல இறங்கினது.

சரி, குளிருக்கு வாறன், நான் எழுத வந்ததே இதுக்குத்தான். இது குளிசை மாதிரி இரசாயனம் இல்ல, உயிருள்ள செல்லில வளர்த்து எடுக்கிற புரதம். வாயால குடிச்சா வயித்தில சோறு கறியோட செமிச்சுப்போகும், அதனால தான் ஊசி. புரதம் எண்டபடியால சூடு பட்டா அவிச்ச முட்டை வெள்ளைக்கரு மாதிரி, பிறகு குளிரில வைச்சாலும் பழையபடி வராது. உறைஞ்சாலும் பழுது. 2 பாகையில இருந்து 8 பாகைக்குள்ள இருக்கோணும். அடலிமுமாப் பெட்டிக்குள்ள வாற தாளில 25 பாகை வரைக்கும் 14 நாள் வெளியில வைக்கலாம் எண்டு கிடக்கும், அதை வாசிச்சு ஆறுதல் படாதேங்கோ, திருகோணமலையில 25 பாகை எண்டா அது மார்கழி மழை விடியக்காத்தால. சித்திரையில எங்கட தகரக் கூரைக்குக் கீழ ராத்திரியும் முப்பதை விட்டு இறங்காது.

பிரிட்ஜில எங்க வைக்கிறது எண்டதும் விசயம் தான். கதவில வைச்சா திறந்து மூடத் திறந்து மூட சூடு ஏறும், பின் சுவரோட ஒட்டி வைச்சா உறையப் பார்க்கும். நான் நடுத்தட்டில, மூடி உள்ள பிளாஸ்ரிக் பெட்டிக்குள்ள, பக்கத்தில ஒரு சின்ன தெர்மோமீட்டர். அந்தத் தெர்மோமீட்டர் வாங்கின காசு தான் இந்த முழு வைத்தியத்திலயும் நான் குடுத்த ஆகத் திறமான காசு. மீனை வேற தட்டுக்கு மாத்தினது வீட்டில பெரிய சண்டை, அது வேற கதை.

ஊசி வாங்கக் கொழும்புக்குப் போக வேண்டி வந்த காலம் இரவுக் கோச்சியில தான் போய் வந்தனான். ரெஜிபோம் பெட்டி, ரெண்டு பக்கமும் ஐஸ் பக், ஐஸுக்கும் ஊசிப் பெட்டிக்கும் நடுவில துவாய், நேர பட்டா உறைஞ்சுபோகும். திருகோணமலை ஆள் ரெஜிபோம் பெட்டியோட கோச்சியில ஏறினா எல்லாரும் கேக்கிறது ஒண்டு தான், "என்னக்கா, இறாலோ?" திரும்பி வரேக்கயும் பெட்டி மடியில கிடக்கிறதைப் பார்த்து ஒரு ஐயா, "விக்கேல்லையோ பிள்ள" எண்டு கவலைப்பட்டவர்.

2022 தான் கெட்ட காலம். மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினவங்கள், ஞாபகம் இருக்கும். 200 ரூபாவில நிண்ட டொலர் 360 ஐத் தொட்டுது, மருந்துக்கடையில பரசிட்டமோலுக்கே அலைஞ்ச காலம், பயோலொஜிக்கை ஆர் கொண்டாறது. கரண்ட் போனா பிரிட்ஜைத் திறக்காம விட்டு, அதுக்கு மேல நீண்டா மீன் வாடியில ஐஸ் வாங்கி ரெஜிபோம் பெட்டிக்கு மாத்திறது, டோர்ச் அடிச்சுத் தெர்மோமீட்டர் பார்க்கிறது, இதே வேலை. ஊசி கெடேல்ல, ஆனா முடிஞ்சுது, அடுத்தது கிடைக்கேல்ல. ரெண்டு மாதத்துக்குக் கிட்ட இழுபட்டுப் போச்சுது. விரல் மெல்ல மெல்லத் திரும்பவும் வீங்கத் தொடங்கினதைப் பார்க்கிறது முதல் தரம் வந்ததை விடக் கஷ்டமா இருந்தது.

முன்னேற்றத்தைப் பற்றிச் சொல்லோணும். அடலிமுமாப் 40 மில்லிகிராம், ரெண்டு கிழமைக்கு ஒருக்கா, தொடையில இல்லாட்டி தொப்புளில இருந்து ஒரு மூண்டு விரல் தள்ளி வயித்தில, ஒவ்வொருக்கா ஒவ்வொரு இடம். பிரிட்ஜில இருந்து எடுத்து அரை மணித்தியாலம் சும்மா வைச்சுப் போட்டா எரிவு குறைவு, சுடுதண்ணியில வைக்கிற வேலை வேண்டாம். மூண்டு மாதம் போகாம நல்லம் கெட்டது சொல்லாத எண்டு டொக்டர் சொன்னவ, எனக்குக் குதிக்கால் அதுக்கு முதலே விட்டுட்டுது, தோல் பிறகு, விரல் கடைசியா. நகம் சீராக ஒரு வருசத்துக்குக் கிட்ட எடுத்தது, நகம் வளர்ற வேகம் அவ்வளவு தானே. பழையபடி கொக்கி தைச்சன். முழுசாப் பழைய கை எண்டு சொல்லமாட்டன், நடுவிரல் இப்பவும் கடைசி மடிப்பு மடங்காது, அது பிந்தித் தொடங்கினதின்ட விலை.

2022 இடைவெளிக்குப் பிறகு அதே ஊசியைத் திரும்பத் தொடங்க, முந்தின மாதிரி பிடிக்கேல்ல. உடம்பு இந்த மருந்துக்கே எதிர்ப்புப் புரதம் செய்யப் பழகிக்கொள்ளுமாம், இடையில விட்டா அது கூடவாம், மெத்தோட்ரெக்சேட்டைக் கூடவே வைச்சிருக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம். அதனால செக்குகினுமாப்புக்கு மாத்தினவ. இது மறிக்கிறது டிஎன்எஃப் இல்ல, ஐஎல் 17 எண்ட வேற தூதனை. முதல் ஐஞ்சு ஊசி கிழமைக்கு ஒண்டு, பிறகு மாதம் ஒண்டு. தோலுக்கு இது முந்தினதை விடத் திறம், முழங்கை என்டது தானா எண்டு பார்க்கிற அளவுக்கு. மூட்டுக்கு ரெண்டும் ஏறக்குறைய ஒண்டு தான். மாதம் ஒண்டு எண்டபடியால ஐஸ் பெட்டி வேலை பாதி. கெட்டது என்னெண்டா வாய்க்குள்ள வெள்ளை படியுது, பங்கஸ், ஐஎல் 17 தான் அதைத் தடுக்கிறதாம். துளி மருந்து விட்டா போகும், பிறகும் வரும். குடல் வருத்தம், இரத்தத்தோட வயித்தோட்டம் உள்ள ஆக்கள் இதைத் தொடங்க முதல் டொக்டரிட்டக் கட்டாயம் சொல்லுங்கோ.

எங்கட பக்கத்துக்கு எண்டு இன்னொரு விசயம். சேத்து மண்ணிலயும் தேங்கின தண்ணியிலயும் மெலியோய்டோசிஸ் எண்ட வருத்தத்தைக் குடுக்கிற ஒரு கிருமி இருக்கு, இலங்கையில உள்ளது தான், மழைக்குப் பிறகு கூடும். வயலில வெறுங்காலோட இறங்கிற ஆக்கள், காலில புண்ணோட வெள்ளத்துக்குள்ள நடக்கிற ஆக்கள் கவனம், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்து போடுற எங்களுக்கு அது லேசில விடாது. தம்பலகாமத்தில எங்கட அண்ணாட வயலுக்கு இப்ப நான் வரம்போட நிக்கிறது, அதுவும் பூட்ஸ் போட்டு. காய்ச்சல் வந்தா, அன்ரிபயோட்டிக் போகேக்க ஊசி போடாம முதல் டொக்டரைக் கேக்கோணும். உயிருள்ள தடுப்பூசிகள், எம்எம்ஆர் மாதிரி, எங்களுக்கு ஆகாது, கொவிட் ஊசி போட்டனான், பிரச்சினை இல்ல.

இளம் பிள்ளைகள் கேக்கிறது குழந்தை விசயம். மெத்தோட்ரெக்சேட்டோட கருத்தரிக்கவே கூடாது, முன்கூட்டியே நிப்பாட்டோணும், பயோலொஜிக்கில செர்டொலிசுமாப் மாதிரி நஞ்சுக்கொடி தாண்டிப் பிள்ளைக்குப் போகிறது மிச்சம் குறைஞ்ச ஒண்டும் இருக்கு, கலியாணப் பேச்சுக்கு முதலே கிளினிக்கில வாய் திறந்து கேளுங்கோ, மாமியிட்டயும் சித்தியிட்டயும் கேக்கிற விசயம் இல்ல இது. மாறிப்போகுமா எண்டு கேட்டா, இல்ல, அடங்கி இருக்கும், அவ்வளவு தான். கத்தரிக்காய் தின்னலாமா எண்டு கேக்கிற ஆக்களுக்கு, நான் தின்னுறன்.

இப்ப தோல் சுத்தம், வீக்கம் இல்ல எண்டபடியால மாத ஊசியை ஐஞ்சு ஆறு கிழமைக்கு இழுத்துப் பார்ப்பமா எண்டு டொக்டர் கேட்டிருக்கிறா. தீபாவளித் தையல் முடியட்டும், பிறகு பார்ப்பம் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்.