குன்னூர் ஆட்டோ எலக்ட்ரிக் கடை – சென்சார மாத்தாம வயர பாத்தாங்க

செக் இன்ஜின் லைட் அணையவே இல்ல, கீழ ஒரு பெரிய சர்வீஸ் சென்டர்ல ஸ்கேன் போட்டு பி0135னு ஒரு ஃபால்ட் கோடு வருது, ஆக்சிஜன் சென்சார் போச்சு, புதுசு போடணும்னு எடுத்த எடுப்புலயே சொல்லிட்டாங்க. பெட்போர்டு பக்கம் இருக்குற இந்த சின்ன கடை அண்ணன் சொன்னாரு, "அது சென்சார சூடாக்குற ஹீட்டரோட சர்க்யூட் கோடு தம்பி, சென்சார் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்ல".

மொதல்ல ஃபியூஸ், அப்புறம் கனெக்டர கழட்டி ஹீட்டரோட ரெண்டு வெள்ளை வயருக்கும் நடுவுல ஓம்ஸ் (மின்தடை) பாத்தாரு, சரியாத்தான் இருக்கு. வண்டி பக்கத்து கனெக்டர்ல மீட்டர் வெச்சா 12 வோல்ட் காட்டுது, ஆனா டெஸ்ட் லைட் வெச்சா மங்கலா முணுக்குனு எரியுது, அங்கதான் புடிச்சாரு, வோல்ட் வந்தாலும் லோடு தாங்கல, அதாவது ஹீட்டருக்கு வேண்டிய கரண்ட் போகல. ரப்பர் சீல தள்ளி பாத்தா கனெக்டர் பின்னு முழுக்க துரு மாதிரி பச்சை பூத்திருக்கு! நம்ம மலை ஈரத்துக்கு இது சகஜம்தாங்க. புது பின்ன வயர்ல அழுத்தி கிரிம்ப் பண்ணி, ஸ்லீவ் போட்டு, சைலன்சர் சூடு படாம வயர ஒதுக்கி கட்டி, கோட அழிச்சு ஓட்டிப் பாத்துட்டுதான் குடுத்தாரு.

கூலி ரொம்ப நியாயம். ஒரே குறை, வண்டி நிறுத்த எடமே இல்ல, சீசன் டைம்ல காலைலயே போயிருங்க.