சைடு ஸ்டெப்பும் மட் ஃபிளாப்பும்: மூன்று மழைக்காலம் ஆன பிறகு

போன வாரம் என் காரின் இடது பக்கத்து சைடு ஸ்டெப்பை, அதாவது ஏறி இறங்கக் கதவுக்குக் கீழே மாட்டும் படியை, கழற்றி வெல்டிங் பட்டறையில் போட்டிருந்த நேரம் பார்த்துத் தங்கச்சி வீட்டு மாப்பிள்ளை போன் செய்தார். புது வண்டி புக் பண்ணிவிட்டாராம், ஷோரூமில் ஆக்சசரீஸ் லிஸ்ட்டை நீட்டியிருக்கிறார்கள், "மச்சான், படி போடலாமா வேண்டாமா, நீங்கதான் மூணு வருஷமா வெச்சிருக்கீங்களே" என்றார். கிரைண்டர் சத்தத்தில் நான் சொன்னது அவருக்குச் சரியாகக் கேட்டிருக்காது. கேட்காததும் நல்லதுதான்.

2022 ஆடிப்பெருக்கு அன்று வண்டி எடுத்தேன். படி போட்டதற்கு ஒரே காரணம் அம்மா. முழங்கால் இரண்டும் போய்விட்டது, மாதம் ஒரு தடவை தஞ்சாவூர் ஆஸ்பத்திரி, வண்டியின் தளமோ தரையிலிருந்து ஏறக்குறைய இரண்டடி. முதல் இரண்டு மாதம் டிக்கியில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அலைந்தோம், ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலிலேயே மறந்துவிட்டு வந்தோம். மறுநாளே வெளிக்கடை ஒன்றில் 9,500 ரூபாய்க்குப் படி, சேறு தெறிக்காமல் சக்கரத்துக்குப் பின்னால் தொங்கவிடும் மட் ஃபிளாப் நாலு 1,200, மாட்டும் கூலி தனி. முதல் நாள் அம்மா வலது காலைப் படியில் வைத்து, மேலே கைப்பிடியைப் பிடித்து, ஒரு மூச்சு நின்று, பிறகு சீட்டில் திரும்பி உட்கார்ந்தார். யாரும் கைகொடுக்கவில்லை. அந்த ஒரு மூச்சு நிற்க இடம் வேண்டியிருக்கிறது, அதுதான் 9,500. இதில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை.

புகார் எல்லாம் என் வேட்டி பற்றியது.

எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்குக் கிழக்கே, வெண்ணாற்றங்கரை ஓரம். குறுவை அறுப்பும் ஐப்பசி மழையும் ஒன்றாக வந்து நிற்கும் ஊர். பெல்ட் வைத்த அறுப்பு மெஷின் வயலை விட்டு ரோட்டில் ஏறியதும் கட்டி கட்டியாகக் களிமண்ணை உதிர்த்துக்கொண்டே போகும், பின்னால் டிராக்டர், அதற்குப் பின்னால் நாம். அந்த மண்ணை முன் சக்கரம் வாரி நேராகப் பின்னால் அடிக்கிறது. அடிபடும் இடத்தில் யார் இருக்கிறார்? சைடு ஸ்டெப். அகலமாக, ரப்பர் ரிப்பு வைத்து, மண்ணை ஏந்திக்கொள்வதற்கென்றே செய்த தாம்பாளம் மாதிரி நீட்டிக்கொண்டு இருக்கிறது.

எனக்கு உயரம் 5 அடி 10 அங்குலம், படி தேவையே இல்லை. ஆனால் படி வண்டியின் உடம்பிலிருந்து ஐந்து அங்குலம் வெளியே நிற்பதால் அதைத் தாண்டித்தான் காலை ஊன்ற வேண்டும், தாண்டும்போது கெண்டைக்கால் படியின் விளிம்பில் உரசும். மிதித்து இறங்கினால் செருப்பு முழுக்கச் சேறு. மன்னார்குடியில் ஒரு கல்யாணம், பந்தி முடிந்து, தாம்பூலம் வாங்கி, நாலு பேரிடம் நின்று பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால் என் மனைவி கேட்கிறாள், "இப்படியேவா போனீங்க?" என்று. வேட்டியின் பின்பக்கம் கெண்டைக்காலுக்கு நேராக ஒரு சாண் நீளத்துக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை. நமக்குத் தெரியாது, பின்னால் நிற்கிற அத்தனை பேருக்கும் தெரியும். மூன்று வருடத்தில் எத்தனை வேட்டி என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். கரிசல் கலந்த களி, லேசில் போகிற கறை இல்லை.

இதற்கு ஓரளவு மருந்து மட் ஃபிளாப்தான், அதுவும் முன் சக்கரத்துக்கு. எல்லோரும் பின்னால்தான் பெரிதாகப் போடுகிறார்கள், கண்ணுக்குத் தெரிகிறது என்று. பின்னால் போடுவது நமக்குப் பின்னால் டூ வீலரில் வருகிறவனுக்கு நல்லது, போடத்தான் வேண்டும். ஆனால் படியையும் கதவையும் காப்பாற்றுவது முன் ஃபிளாப். கடைக்காரர் முதலில் மாட்டியது கெட்டி பிளாஸ்டிக், ஆறே மாதம், ஸ்க்ரூ போட்ட இடத்தில் விரிசல் விட்டு ஒன்று போயே போய்விட்டது. இன்னொன்று களத்துமேட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது வரப்பில் மடங்கி டயருக்கு அடியில் சிக்கிப் பிய்ந்தது. அப்புறம் லாரிக்குப் போடுகிற ரப்பர் ஷீட்டை வாங்கி, அளவாக வெட்டி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்து டயரில் உரசாமல் மாட்டினேன். அது இன்னும் நிற்கிறது. படியில் சேரும் மண் பாதியாகக் குறைந்தது. பாதி என்றால் வேட்டிக் கறையும் பாதி என்று நினைத்துவிட வேண்டாம், கறைக்கு ஒரு பிடி மண் போதும்.

சரி, பட்டறைக் கதைக்கு வருகிறேன். ஆறு மாதமாகப் பள்ளத்தில் விட்டால் இடது பக்கம் கடகட என்று ஒரு சத்தம். காட்டிய இடத்தில் சஸ்பென்ஷனில் இருக்கும் லிங்க் ராட் என்றார்கள், மாற்றினேன், சத்தம் அப்படியே இருந்தது. கடைசியில் எங்கள் தெரு வெல்டர் பையன் ஸ்டெப்பைக் கையால் ஆட்டிக் காட்டினான்: படியைத் தாங்கும் மூன்று பிராக்கெட்டில் நடு பிராக்கெட் அறுந்து தொங்குகிறது. ஸ்டெப்புக்கும் பாடிக்கும் இடையில் இருக்கும் சந்தில் களிமண் அடைத்து அடைத்து, வெளியே காய்ந்தாலும் உள்ளே ஈரம் போகாமல், பெயிண்டுக்கு அடியில் துரு தின்றிருக்கிறது. நட்டு சுற்றவே இல்லை, கிரைண்டரில்தான் அறுத்தான். ஸ்டெப்பைத் தரையில் போட்டதும் உள்ளேயிருந்து வறட்டி வறட்டியாக விழுந்தது, ஒவ்வொன்றிலும் வைக்கோல், ஒன்றில் போன வருடத்து நெல் முளைவிட்டுக் காய்ந்திருந்தது. மேலே பிரஷர் வாட்டர் அடித்து வண்டி கழுவியதெல்லாம் வெறும் மினுக்கு. இப்போது கதவுப் பையில் ஒரு பழைய களைக்கொட்டு வைத்திருக்கிறேன், வாரம் ஒருமுறை அந்தச் சந்தைச் சுரண்டி விடுவதற்கு. வண்டிக்குக் களை எடுக்கும் ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

இன்னொன்று, நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நிற்கும்போது பக்கத்தில் பைக்கில் நிற்பவர்கள் காலை ஊன்றிக்கொள்வதும் என் படியில்தான். முதலில் கோபம் வந்தது, இப்போது கண்ணாடியை இறக்கிப் பேசிக்கொண்டிருப்போம்.

மாப்பிள்ளை கேட்ட மற்றவற்றுக்கு அவரிடமே சொல்கிறேன். போலீஸ் பிடிக்குமா என்றால், 2017 டிசம்பரில் மத்திய அரசு நடவடிக்கை எடுக்கச் சொன்னது முன்னால் மாட்டும் இரும்புக் கம்பித் தடுப்பான புல் பாருக்கு, படியை என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. உங்கள் வண்டி மோனோகாக், அதாவது தனி சேஸிஸ் இல்லாமல் பாடியே சட்டமாக இருப்பது, ஜாக்கி வைக்கும் இடம் கதவுக்குக் கீழ் விளிம்பில்தான் இருக்கும், படி அதை மறைக்கிறதா என்று மாட்டுவதற்கு முன்பே ஜாக்கியை வைத்துப் பாருங்கள், நடுராத்திரி பஞ்சரில் பார்க்காதீர்கள். கம்பெனி விட்டிருக்கும் ஓட்டையில் போல்ட் போடுகிற மாடல் மட்டும் வாங்குங்கள், புதிதாக டிரில் போட விடாதீர்கள். தட்டையான படியைவிட உருளைக் குழாய்ப் படியில் மண் நிற்காது, ஆனால் மழையில் வழுக்கும், பெரியவர்களுக்கு ஆகாது.

முடிவாகக் கேட்டால்: மட் ஃபிளாப் டெலிவரி எடுத்த அன்றே போடுங்கள், ரப்பரில். சைடு ஸ்டெப் வேண்டாம், தண்டம். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது.

என் வண்டியில் அறுந்த பிராக்கெட்டுக்குப் புது இரும்புப் பட்டை வைத்து, துரு பிடிக்காமல் ரெட் ஆக்சைடு இரண்டு கோட் அடித்து, நேற்று மறுபடி மாட்டியாகிவிட்டது, 1,100 ரூபாய். பட்டறையில் படி கிடந்த நாலு நாளும் அம்மா எங்கேயும் வரவில்லை என்று சொல்லிவிட்டார். பார்க்க வருவதாக இருந்தால் வாங்க, ஓட்டியும் பாருங்கள். வேட்டியில் மட்டும் வராதீர்கள்.