முதுமலை ஃபேமிலி பேக்கேஜ்னு 18,500 ரூபாய் போச்சு, வேலூர் ஆளுங்க தயவுசெஞ்சு படிங்க

நேத்து நைட்டு தான் வீடு வந்து சேந்தோம், வயிறு எரியுது. 18,500 ரூபாய்ங்க.

இங்க அடிக்கிற வெயிலுக்கு பசங்கள காட்டுப்பக்கம் கூட்டினு போலாம்னு தேடினப்போ ஒரு ட்ராவல்ஸ் பேஜ் கண்ல பட்டுது. காட்டுக்குள்ளயே பாரஸ்ட் பங்களா, தனி ஜீப்ல சஃபாரி, பசங்க கையாலயே யானைக்கு தீனி, ஏழு பேருக்கு 18,500. நான் உடனே போடல, போன் பண்ணி தான் பேசினேன். "அக்கா நானும் சத்துவாச்சாரி தான்"ன்னான். எங்கம்மாவுக்கு முட்டி வலின்னு சொன்னேன், பத்து நிமிஷத்துல அவனே கூப்ட்டு "அம்மாவுக்கு படி ஏறாத ரூமா சொல்லிட்டேன்க்கா, வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கு"ன்னான், அங்க தான் நம்பிட்டேன். சீல் வெச்ச புக்கிங் ஸ்லிப் வேற அனுப்பினான். ஜீபேல மொத்தமா போட்டுட்டேன்.

ஊட்டி, கூடலூர் வழியா முதுமலைல இருக்கற தெப்பக்காடு போய் ஸ்லிப்ப காட்டினா பாரஸ்ட் டிபார்ட்மென்ட் கவுன்டர்ல இருந்தவரு "இது எங்களுதே இல்லம்மா"ன்னுட்டாரு. ரூமே புக் ஆவல. தனியார் ஜீப்ப காட்டுக்குள்ள விடவே மாட்டாங்க, டிபார்ட்மென்ட் வண்டில தான் சஃபாரி, அன்னிக்கு டிக்கெட்டும் தீந்துபோச்சு. யானை கேம்ப்ல பாகனுங்க தான் ராகி, கொள்ளு உருண்ட புடிச்சு வாய்ல வெக்கறாங்க, நாம தள்ளி நின்னு பாக்கணும். என் சின்னவன் கூடலூர்ல வாங்கின வாழப்பழ சீப்ப நெஞ்சோட அணைச்சினு "எப்பம்மா குடுக்கறது"ன்னு கேட்டுனே நின்னான். அத நெனச்சா தான் தாங்கல.

போன் பண்ணா மொதல்ல "டவர் இல்லக்கா", அப்புறம் "ஓனர் கிட்ட பேசறேன்", சாயந்தரம் "நீங்க லேட்டா போனீங்க, ரீஃபண்ட் வராது". கடைசில பிளாக். நாங்க பக்கத்துல மசினகுடில ரூம் தேடினோம், எங்கம்மா ராத்திரி ஒம்போது மணி வரைக்கும் கார்லயே காலத் தொங்கப்போட்டுனு உக்காந்திருந்தாங்க. நீலகிரிக்குள்ள வண்டி போறதுக்கு எடுக்கற இ-பாஸுக்குன்னு தனியா 350 வாங்கினான், அது ஃப்ரீங்க, நாமளே ஆன்லைன்ல எடுத்துக்கலாம்.

சைபர் க்ரைம் 1930க்கு போன் பண்ணி கம்ப்ளைன்ட் குடுத்திருக்கேன்.

யாராவது போறதா இருந்தா ரூம், சஃபாரி ரெண்டையும் நேரா பாரஸ்ட் டிபார்ட்மென்ட் கிட்டயே கேளுங்க. ஸ்லிப் வந்தா பணம் போடறதுக்கு முன்னாடி அங்க போன் பண்ணி அந்த நம்பர செக் பண்ணுங்க. தனி ஆள் பேர்ல இருக்கற ஜீபேக்கு மொத்தமா போடாதீங்க. நம்ம ஊர் பையன்னு சொன்னா நம்பவே நம்பாதீங்க. வேற இன்னா சொல்றதுன்னு தெரியல, 18,500 ரூபாய் எங்க வீட்டுக்காரரு ஒரு வருஷமா சீட்டு கட்டி எடுத்த காசு.

இன்னிக்கு காலைல கூட என் தங்கச்சி போன்ல பாத்தேன், அதே பேஜ்ல அதே யானை போட்டோ, "இன்னும் நாலு ஃபேமிலிக்கு தான் எடம் இருக்கு"ன்னு போட்டுனு இருக்கான்.