வலைகாரனோடு டன்ஜனுக்குள்: ஒரு நீண்ட நாள் அனுபவம்

ஷாட்டர்ட் பிக்சல் டன்ஜன் என்ற போன் விளையாட்டை விளையாடும் ஆட்களுக்குத் தெரியும், அதில் தண்ணீர் பெரும்பாலும் சும்மா கிடக்கும் தரை. உடம்பில் தீப்பிடித்தால் ஓடிப்போய் அதில் நிற்கலாம். மின்பொறியை மிதித்தால் தண்ணீரைவிட்டு விலக வேண்டும், ஏனென்றால் மின்சாரம் தண்ணீர் வழியே பரவும். பிரானா என்ற கடிக்கும் மீன் நீந்தும் அறையில் கால் வைக்கக் கூடாது. அதற்கு மேல் தண்ணீரை யாரும் யோசித்து நடப்பதில்லை. என் அக்காவின் மகன் அந்த விளையாட்டுக்குள் சேர்த்த 'வலைகாரன்' என்ற ஹீரோவை எடுத்து விளையாடத் தொடங்கிய பிறகு, எந்தத் தளத்தில் இறங்கினாலும் என் கண் முதலில் தேடுவது தண்ணீரைத்தான். ஒரு புது கிளாஸ், அதாவது ஹீரோ வகை, பழைய வரைபடத்தையே வேறு மாதிரிப் பார்க்க வைத்தால், அது நல்ல கிளாஸ். நீண்ட காலம் அதோடு விளையாடிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

மூல விளையாட்டைப் பற்றி அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். வட்டாபூ என்ற பெயரில் இயங்கும் ரஷ்யக் கலைஞர் 2012 இல் வெளியிட்டது பிக்சல் டன்ஜன். 2014 இல் அதன் மூலநிரலைத் திறந்துவிட்டார். அதே ஆண்டில் எவன் டெபன்ஹாம் அதிலிருந்து பிரித்து வளர்க்கத் தொடங்கியதுதான் ஷாட்டர்ட். சாக்கடை, சிறை, குகை, குள்ளர் நகரம், அசுர மண்டபம் என்று ஐந்து பகுதிகள், மொத்தம் 26 தளங்கள். செத்தால் முதலிலிருந்துதான். நீங்கள் ஓர் அடி வைத்தால்தான் அரக்கனும் ஓர் அடி வைப்பான், அப்படி ஒரு முறைக்கு டர்ன் என்று பெயர், அதனால் அவசரம் கிடையாது. இணையமும் வேண்டாம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில், உப்புவெளியில் எங்கள் வீட்டில் மிச்சமிருந்த போன் சார்ஜில் ஓடிய ஒரே பொழுதுபோக்கு இதுதான். அப்போது மருமகனும் என்னோடு உட்கார்ந்து விளையாடிப் பழகியவன். நிரல் எழுதப் படித்ததும் அவன் முதலில் கை வைத்தது இதில்தான். ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு என்ற திறந்த உரிமம் என்பதால் யாரும் மாற்றலாம், மாற்றியதைப் பகிரலாம். ஆனால் பகிரும்போது மூலநிரலையும் கொடுக்க வேண்டும். அவன் ஏபிகே என்ற நிறுவும் கோப்போடு நிரலையும் சேர்த்தே கொடுக்கிறான். இந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்தது.

சரி, வலைகாரனுக்கு வருவோம். தொடக்கத்தில் அவன் கையில் இருப்பது ஒரு வீச்சுவலை, ஒரு சிறு கத்தி, சில மீன்பிடி ஈட்டிகள். ஈட்டி மூல விளையாட்டிலேயே உள்ள ஆயுதம், பிரானாவின் மேல் எறிந்தால் அதன் உயிரில் பாதியைப் பறித்துவிடும். வலை மட்டும்தான் மருமகன் சேர்த்தது. மூன்றுக்கு மூன்று கட்டங்களில் விரிந்து விழும். காய்ந்த தரையில் விழுந்தால் அகப்பட்டவர்கள் பாதி வேகத்தில் நகர்வார்கள். தண்ணீரில் விழுந்தால் சில டர்ன்களுக்கு அசையவே முடியாது.

முதல் பதிப்பில் வலையை வீசிவிட்டால் அது விழுந்த இடத்திலேயே கிடந்தது. போய்ப் பொறுக்கி எடுக்க வேண்டும். அரக்கர்களுக்கு நடுவில் குனிந்து வலையைப் பொறுக்கும் ஹீரோ எனக்கு ஒட்டவில்லை. அதை உடைத்துச் சொன்னவர் அத்தான். அவர் திருக்கடலூரில் சின்ன வயதிலிருந்து வலை வீசுகிறவர். மகனின் போனை வாங்கி ஒரு தடவை பார்த்துவிட்டு, "வலையைக் கடலில விட்டுட்டு ஆரடா போவான்? கயிறு கையில தானே கிடக்கும்" என்றார். அவ்வளவுதான். வீச்சுவலையின் உச்சிக் கயிறு வீசுகிறவனின் மணிக்கட்டில்தான் இருக்கும். ஓரத்து ஈயம் அடியில் போய் உட்கார்ந்த பிறகு மெல்ல இழுக்கும்போதுதான் வலை சுருங்கி மீன் உள்ளே மாட்டும்.

அடுத்த பதிப்பில் கயிறு வந்தது, கிளாஸ் உயிர் பெற்றது. இப்போது வலையை வீசிவிட்டு நின்ற இடத்திலிருந்து இழுக்கலாம். ஒரு டர்னுக்கு ஒரு கட்டம் என்று அகப்பட்டவன் உங்களை நோக்கி வருவான். இழுக்கும் வரை ஒரு கை கட்டுப்பட்டிருப்பதால் அடி தவிர்க்கும் திறன் குறையும். கயிற்றை விட்டுவிட்டு ஓடவும் செய்யலாம், பிறகு வலையைத் தேடிப் போக வேண்டும். இதில் எனக்கு மிகப் பிடித்த விதி இன்னொன்று. மூல விளையாட்டில் சில பிராணிகள் 'பெரியவை' என்று நிரலிலேயே குறிக்கப்பட்டிருக்கும். அவற்றின் மேல் வலை விழுந்து நீங்கள் இழுத்தால், அது வராது, நீங்கள்தான் அதை நோக்கி இழுபடுவீர்கள். பெரிய மீன் மாட்டிய கயிற்றைப் பிடித்தவருக்கு இது புதிதல்ல. 15 ஆம் தளத்தில் டிஎம்-300 என்ற இயந்திரத்தின் மேல் வலை வீசிப் பாருங்கள், கயிற்றை எப்போது விட வேண்டும் என்பது அப்போது புரியும்.

சாக்கடைப் பகுதி வலைகாரனுக்குச் சொந்த வீடு. தண்ணீர் தாராளம். மற்ற கிளாஸ்களோடு போகும்போது வேகமாக ஓடி வந்து கடிக்கும் நண்டு எனக்குத் தொல்லை. இவனோடு போனால் நண்டைத் தண்ணீருக்கு இழுத்துவந்து மடக்குவது ஒரு சுகம். 'சுற்றிலும் தண்ணீர் சலசலக்கிறது' என்ற அறிவிப்போடு தொடங்கும் தளம் கிடைத்தால் அன்றைக்கு யோகம்தான். பிரானா அறையில் வழக்கமாகக் கண்ணுக்குத் தெரியாமல் போகும் மருந்தைக் குடித்துவிட்டுத்தான் பெட்டியை எடுப்போம். வலைகாரன் கரையில் நின்று ஒவ்வொன்றாக இழுத்து ஈட்டியால் முடித்துவிடுவான். மருந்து மிச்சம், இறைச்சியும் கிடைக்கும். அந்த இறைச்சியைப் பச்சையாகத் தின்றால் உடம்பு எரியலாம், விஷமேறலாம், கால் கட்டுப்படலாம், நடை தளரலாம். 'மீன் வெட்டத் தெரிந்தவன்' என்ற முதல் அடுக்குத் திறனில் புள்ளி போட்டால் இவை ஒன்றும் நடக்காது. பசி வர 300 டர்ன், பட்டினி தொடங்க 450 டர்ன் என்று கணக்கு வைத்து ஓட வைக்கும் விளையாட்டில் இது பெரிய உதவி.

இவ்வளவு வசதியும் ஐந்தாம் தளத்தில் கூவிடம் போனதும் திரும்பி நம்மையே கடிக்கிறது. கூ என்ற அந்தக் கருங்களிப் பூதம் தண்ணீரில் நிற்கும்போது ஒவ்வொரு டர்னும் தன் உயிரை மீட்டுக்கொள்ளும். வலை தண்ணீரில்தான் பலம். கூவும் தண்ணீரில்தான் பலம். அதைத் தண்ணீரில் கட்டிப்போட்டால் நீங்களே அதற்கு வைத்தியம் செய்கிறீர்கள். ஆகவே மேட்டுக்கு வரவிட்டு, காய்ந்த தரையில் அரைவேகத்தோடு மட்டும் சண்டை போட வேண்டும். அது உடம்பை ஊதிப் பெரிய அடிக்குத் தயாராகும்போது வலையை வீசிவிட்டு விலகிப் போனால், அதனால் எட்டிப் பிடிக்க முடியாது. இந்தச் சண்டையை நான் எத்தனை விதமாகவோ விளையாடியிருக்கிறேன், இன்னும் சலிக்கவில்லை. மருமகன் இதற்காகத் தனியாக ஒரு வரி நிரலும் எழுதவில்லை. மூல விளையாட்டில் ஏற்கனவே இருந்த விதியும் வலையின் விதியும் ஒன்றோடொன்று மோதியதில் தானாக வந்த சிக்கல் அது.

சிறைப்பகுதி பரவாயில்லை ரகம். பத்தாம் தளத்தில் டெங்கு என்ற எதிரியிடம்தான் சிரமம். சண்டை நடக்கும் இடத்தில் தண்ணீர் கிடையாது, அவன் குறிப்பிட்ட அளவு அடி வாங்கியதும் மாயமாகி வேறு பக்கம் போய் நிற்பான், வலை வெறுமனே தரையில் கிடக்கும். இங்கே ஈட்டியை நம்புங்கள், வலையை மறந்துவிடுங்கள்.

டெங்குவை வென்றதும் கிடைக்கும் முகமூடியால் உட்பிரிவு தெரிவு செய்யலாம். மருமகன் இரண்டு வைத்திருக்கிறான். 'கரைவலை' எடுத்தால் வலை ஐந்துக்கு ஐந்தாக விரியும், அகப்பட்ட எல்லோரையும் ஒன்றாக இழுக்கலாம், ஆனால் இழுக்க இரண்டு மடங்கு டர்ன் ஆகும். 'சுழியோடி' எடுத்தால் தண்ணீருக்குள் மறைந்து நடக்கலாம், தண்ணீரிலிருந்து எழுந்து அடிக்கும் முதல் அடி எதிர்பாராத அடியாகக் கணக்காகும். பெரும்பாலானோர் சுழியோடிதான் எடுக்கிறார்கள் என்று நினைக்கிறேன், கவர்ச்சி அப்படி. என் தெரிவு கரைவலை. குள்ளர் ராஜா தன் படையைக் கூட்டம் கூட்டமாக வரவழைக்கும்போது, அத்தனை பேரையும் ஒரே வலையில் வளைத்து வைத்துவிட்டு ராஜாவிடம் போகிற நிறைவு வேறெந்தக் கிளாஸிலும் எனக்குக் கிடைத்ததில்லை. கரைவலை இழுக்கப் பலர் வேண்டும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஒருவனே இழுப்பதால்தான் இரட்டிப்பு நேரம் என்று மருமகன் விளக்கம் சொன்னான். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

நகரப் பகுதியில் தீப்பூதங்கள் வரும். தீ பட்டால் வலை கருகும், கருகினால் உட்கார்ந்து முடைய வேண்டும், அதற்கு டர்ன் போகும். நனைந்த வலை எரியாது. அதனால் சண்டைக்கு முன் வலையைத் தண்ணீரில் தோய்த்து எடுப்பது பழக்கமாகிவிடும்.

கடைசிப் பகுதி அசுர மண்டபம். அங்கே தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பது குளிர்ந்த எரிமலைக் குழம்பு. பார்க்க நெருப்பு, தொட்டால் குளிர்ச்சி. நிரலைப் பொறுத்தவரை அதுவும் தண்ணீர்க் கட்டம்தான், வலைகாரனின் எல்லா விதிகளும் அங்கும் செல்லும். ஆனால் முன் பகுதிகளைவிட அது அங்கே குறைவு. இறுதி எதிரி யோக்-ஸீவாவின் கைமுட்டிகளில் எது வருகிறது என்பதைப் பார்த்துத்தான் திட்டம் போட வேண்டும். எரியும் முட்டி தன் பக்கத்துத் தண்ணீரை ஆவியாக்கிவிடும். அழுகும் முட்டியோ கூ மாதிரித் தண்ணீரில் நின்று உயிரை ஏற்றிக்கொள்ளும். இரண்டும் ஒரே ஆட்டத்தில் வந்தால் எரியும் முட்டியைக் கடைசிவரை விட்டுவையுங்கள். மற்றதுக்கு மருந்தான தண்ணீரை அதுவே வற்ற வைத்துவிடும். இதைக் கண்டுபிடித்த அன்று மருமகனுக்கு நடுராத்திரியில் அழைத்துச் சொன்னேன். அவனுக்கும் தெரிந்திருக்கவில்லை.

குறை சொல்லாமல் முடிக்க முடியாது. பெரிய குறை சேவ், அதாவது ஆட்டத்தின் சேமிப்பு, சம்பந்தப்பட்டது. அண்ட்ரொயிட்டில் ஒரு செயலியைப் புதுப்பிக்க வேண்டுமானால் பழைய ஏபிகேயில் போட்ட அதே கையொப்பச் சாவியால் புதியதிலும் கையொப்பமிட வேண்டும். அவனுடைய பழைய மடிக்கணினி பழுதாகி அந்தச் சாவிக் கோப்பு போய்விட்டது. புதுப் பதிப்பைப் போன் ஏற்க மறுத்தது. பழையதை நீக்கிவிட்டுத்தான் புதியதைப் போட முடிந்தது. பதக்கங்கள், தரவரிசை, 22 ஆம் தளம் வரை கொண்டுபோயிருந்த ஓர் ஆட்டம், எல்லாம் போயின. அந்தக் கவலை சில நாள் இருந்தது. இப்போது சாவிக்கு மூன்று இடத்தில் நகல் வைத்திருக்கிறான். இப்படி விளையாட்டை மாற்றி மொட் செய்ய நினைக்கும் தம்பி தங்கைகள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள். உங்களை நம்பி விளையாடுகிறவர்களின் உழைப்பு அந்தச் சின்னக் கோப்பில்தான் இருக்கிறது.

அடுத்தது எழுத்து. வலைகாரனின் விவரங்களைத் தமிழில் போட அவன் முயன்றான். விளையாட்டுக்கு அடித்தளமான லிப்ஜிடிஎக்ஸ் என்ற நிரல் தொகுப்பு எழுத்துகளை ஒவ்வொன்றாக வரிசையில் வைக்கிறதே தவிர, தமிழுக்கு வேண்டியபடி ஒழுங்கு மாற்றி அமைப்பதில்லை. அதனால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. 'கொ' படிக்க முடியாத வடிவத்தில் வருகிறது. திறன்களின் பெயர்களைப் படங்களாக வரைந்து ஒட்டியிருக்கிறான், அழகாகவே இருக்கிறது. நீண்ட விளக்கங்கள் மட்டும் இன்னும் ஆங்கிலத்தில்தான். இதற்கு வழி தெரிந்தவர்கள் அவனுக்கு உதவினால் நன்றியுள்ளவனாக இருப்பேன்.

சமநிலை விஷயத்தில் ஒன்று. முதல் நான்கு தளங்கள் மிக இலகு, அசுர மண்டபம் மிகக் கடினம். வலை இரண்டாம் நிலைக்கு உயர்ந்த பிறகுதான் தண்ணீரில் முழுதாகக் கட்ட வேண்டும் என்று மாற்றினால் தொடக்கம் சரியாகும் என்பது என் கருத்து. அவனிடமும் சொல்லியிருக்கிறேன். பொருள்களின் நிலையை உயர்த்தும் மேம்பாட்டுச் சுருள்கள் ஒரு பகுதிக்கு மூன்று என்றுதான் உறுதியாகக் கிடைக்கும், மொத்தம் 15. அவற்றை வலையில் கொட்டாதீர்கள். வலைக்கு மூன்று போதும். மிச்சத்தைக் கவசத்தில் போடுங்கள், கயிறு கையில் இருக்கும்போது அடி வாங்கப் போவது நீங்கள்தான். உறைபனிக் கோல் என்ற மந்திரக்கோல் கிடைத்தால் விடவே வேண்டாம், தண்ணீரில் நிற்பவன் மேல் அதன் குளிர் கூடுதல் நேரம் நிற்கும், வலையோடு அருமையாகச் சேரும். மின்னல் கோல் கிடைத்தால் தண்ணீருக்கு வெளியே நின்று மட்டும் பாவியுங்கள்.