கார் ஜன்னலிலும் வெட்டவெளியிலும் ஸ்கோப்: ஒரே ஸ்டாண்ட் சரிவருமா?

டர்பனிலோ ஜோபர்க்கிலோ நம்ம ஆட்கள் யாராவது ஸ்பாட்டிங் ஸ்கோப் (தூரத்துப் பறவையைப் பெரிதாக்கிக் காட்டும் ஒற்றைக் குழல் தொலைநோக்கி) வாங்கினால் உடனே கேட்பது இதைத்தான்: காருக்குள்ளிருந்தும் பார்க்கணும், வெளியே நின்றும் பார்க்கணும், இரண்டுக்கும் சேர்த்து எந்த ஸ்டாண்டை வாங்குவது? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டையும் ஒழுங்காகச் செய்கிற ஸ்டாண்ட் கிடையாது. ஆனால் இரண்டு இடத்திலும் ஒழுங்காக வேலை செய்கிற ஹெட் உண்டு, அதாவது ஸ்டாண்டுக்கு மேலே உட்கார்ந்து ஸ்கோப்பை மேலும் கீழும் பக்கவாட்டிலும் திருப்புகிற அந்தப் பாகம். காசை அதில் போடுங்கள். அதற்குக் கீழே இருப்பதை இடத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம்.

தென்னாப்பிரிக்காவில் காரைத்தான் முதலில் கணக்கில் எடுக்கணும். க்ரூகர் தேசியப் பூங்காவில் கேம்ப், பிக்னிக் இடங்கள், பறவை பார்க்கும் மறைவிடங்கள், மஞ்சள் கோடு போட்ட சில பாலங்கள், இவற்றைத் தவிர வேறெங்கும் காரை விட்டு இறங்கக் கூடாது, ஜன்னல் வழியாக உடம்பை வெளியே நீட்டவும் கூடாது. ஹ்ளுஹ்ளுவே-இம்ஃபலோசி பூங்காவிலும் பெரும்பாலான நேரம் காருக்குள்தான். ஆகவே நல்ல ட்ரைபாட் ஒன்றை மட்டும் வாங்கி வைத்திருப்பவருக்கு, க்ரூகரின் லோயர் சாபி கேம்ப் பக்கத்தில் சன்செட் அணைக்கரையில் காரை நிறுத்தி எதிரே நூறு பறவைகள் நின்றாலும், அந்த ட்ரைபாட் டிக்கியில்தான் கிடக்கும்.

பைனாகுலரைக் கையில் பிடித்துச் சமாளிக்கிறோமே, ஸ்கோப்புக்கு மட்டும் ஏன் இவ்வளவு ஏற்பாடு என்று கேட்கலாம். பைனாகுலர் 8 மடங்கு, ஸ்கோப் 20-இலிருந்து 60 மடங்கு. பறவை எத்தனை மடங்கு பெரிதாகிறதோ, கையின் நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகும். 60 மடங்கில் ஒரு கிலோமீட்டர் தள்ளி நமக்குத் தெரிவது ஏறக்குறைய இருபது மீட்டர் அகலம்தான். விரல் பட்டாலே பறவை காட்சியை விட்டு ஓடிவிடும்.

சரி, காருக்குள் இரண்டு வழி. ஒன்று பீன்பேக், இன்னொன்று கண்ணாடியில் மாட்டும் விண்டோ மவுண்ட்.

பீன்பேக் என்பது அரிசியோ காய்ந்த பீன்ஸோ நிரப்பிய தடித்த துணிப்பை. பழைய ஜீன்ஸ் காலை வெட்டி இரண்டு பைகளாகத் தைத்து நடுவில் சேர்த்துவிட்டால், கதவு விளிம்பின் இரு பக்கமும் தொங்கி நகராமல் உட்காரும். இரண்டு மூன்று கிலோ நிரப்பணும். எடை குறையட்டும் என்று தெர்மாகோல் மணிகளைப் போடாதீர்கள், அது அமுங்கி வளைந்து கொடுக்குமே தவிர ஸ்கோப்பைப் பிடித்து வைக்காது. நம்ம கடற்கரைப் பக்கத்து ஈரத்துக்கு அரிசியில் வண்டு விழும், அதனால் ஜிப் வைத்துத் தைத்து, அவ்வப்போது மாற்றுங்கள். அப்புறம் பிக்னிக் இடத்தில் அதை ஜன்னலிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போகவேண்டாம், குரங்குகளுக்கு அது சாப்பாட்டு மூட்டை.

பீன்பேக்கின் பெரிய பலம் வேகம். பறவை தெரிந்த உடனே வைக்கலாம், யானை ரோட்டுக்கு வந்த உடனே உள்ளே இழுத்துக் கண்ணாடியை ஏற்றிவிடலாம். இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. கண்ணாடியில் மவுண்டை இறுக்கி, அதன்மேல் ஒன்றரைக் கிலோ ஸ்கோப்பை மாட்டியிருக்கும்போது ஜன்னலை மூட முடியாது. திருகைத் தளர்த்தி எல்லாவற்றையும் உள்ளே எடுத்தபிறகுதான் மூடலாம். காதை விரித்துக்கொண்டு ஒரு ஆண் யானை நடந்து வரும்போது அந்த நேரம் ரொம்ப நீளம். யானை, சிங்கம், பபூன் எது பக்கத்தில் இருந்தாலும் பீன்பேக்தான், அதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

ஆனால் ஸ்கோப்பைக் கையில் பிடித்துக்கொண்டே இருக்கணும். கையை எடுத்தால் மூக்குக் கவிழும். இருபது, முப்பது மடங்கு வரைக்கும் நன்றாக இருக்கும், நாற்பதுக்கு மேலே போனால் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போதே காட்சி ஆடும். இதைவிடப் பெரிய குறை, பக்கத்தில் இருப்பவருக்குக் காட்ட முடியாது. "இந்தா பாருங்க அத்தை" என்று நாம் நகர்ந்து இடம் விட்டால், அத்தை கண்ணுக்கு வெறும் வானம்தான் தெரியும். குடும்பத்தோடு போகிறவர்கள் இதை நன்றாக யோசிக்கணும்.

விண்டோ மவுண்ட் இங்கேதான் ஜெயிக்கிறது. ரப்பர் ஒட்டிய இரண்டு தாடைகள் கண்ணாடி விளிம்பைப் பிடிக்கும், கீழே ஒரு கால் கதவின் உள்பக்கத்தில் சாய்ந்து நிற்கும். உறுதி வருவது அந்தக் காலால்தான். அது கதவில் அழுந்தி உட்காராவிட்டால் எடை முழுவதும் கண்ணாடியில் தொங்கும், கண்ணாடியோ சில மில்லிமீட்டர் கனம்தான். கால் இல்லாத, வெறும் கிளிப் போன்ற மலிவு மவுண்ட், முன் லென்ஸ் ஐம்பது மில்லிமீட்டர் அகலமுள்ள குட்டி ஸ்கோப்புக்குச் சரி, 80 மில்லிமீட்டர் ஸ்கோப்பை அதில் ஏற்றாதீர்கள். கதவுக்கு மேல் சட்டம் இல்லாத கூபே மாதிரி கார் என்றால் கண்ணாடிக்குப் பிடிமானம் குறைவு, அதில் மவுண்டே வேண்டாம், பீன்பேக்கோடு இருந்துவிடுங்கள்.

கண்ணாடியை எந்த உயரத்தில் நிறுத்துவது என்பது ஆளுக்கு ஆள் மாறும். முதுகை நிமிர்த்தி இயல்பாக உட்கார்ந்து, கண் எங்கே வருகிறதோ அங்கே ஐபீஸ் (ஸ்கோப்பில் கண் வைத்துப் பார்க்கும் முனை) வரும்படி ஏற்றிவிட்டு அப்புறம் மவுண்டை மாட்டுங்கள். மாட்டியபிறகு ஜன்னல் சுவிட்சை லாக் செய்துவிடுங்கள், பின்சீட்டில் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம். எஞ்சினை அணைக்கணும். அணைத்தபிறகும் காருக்குள் ஒருவர் சிப்ஸ் பாக்கெட்டை எட்டி எடுத்தால் வண்டி ஸ்பிரிங்கில் ஆடும், ஸ்கோப்பில் அது நிலநடுக்கம். ஒரு நிமிடம் எல்லோரும் அசையாமல் இருங்கள் என்று சொல்லிக் கேட்க வைப்பது மவுண்ட் வாங்குவதைவிடக் கஷ்டமான வேலை, ஆனால் அதைச் செய்தால் பலன் பெரிது.

எவ்வளவு பெரிது என்றால், இதைப் பாருங்கள். சிவப்பும் கறுப்பும் பட்டையடித்த நீண்ட அலகும், அதன் மேல் மஞ்சள் சேணமும் உள்ள சேடில்பில் நாரை. தூரத்தில் ஜோடியாக நிற்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். மவுண்டில் ஸ்கோப்பை நிறுத்தி, காற்றும் தெளிவாக இருந்து, நாற்பது மடங்குக்குப் போனால் கண் தெரியும்: பெண்ணுக்கு மஞ்சள் கண், ஆணுக்குக் கரும்பழுப்புக் கண், அலகின் அடியில் குட்டியாக இரண்டு மஞ்சள் தொங்கல்களும் ஆணுக்கு மட்டும். நாம் கையை எடுத்துவிட்டு நகரலாம், அடுத்தவர் வந்து அதே கண்ணை அப்படியே பார்க்கலாம். பீன்பேக்கில் இது பெரும்பாலும் நடக்காது.

ஓட்டுநர் சீட்டில் இருந்து பார்ப்பதைவிடப் பின்சீட் நல்லது, ஸ்டியரிங் இடிக்காது. நமக்கு ஸ்டியரிங் வலது பக்கம் என்பதால் ஓட்டுகிறவர் வலது ஜன்னல் வழியாகப் பார்க்க உடம்பைத் திருகி உட்காரவேண்டியிருக்கும், பத்து நிமிடத்தில் இடுப்பு சொல்லிவிடும். ஐபீஸ் குழலோடு நேராக இருக்கும் நேர் ஸ்கோப்பா, மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் சாய்வு ஸ்கோப்பா என்ற கேள்வியும் இங்கேதான் வருகிறது. காருக்குள் நேர் ஐபீஸ் சுலபம், பறவை இருக்கும் திசையிலேயே பார்க்கிறோம். வெளியே சாய்வு ஐபீஸ் சுலபம், ட்ரைபாடைத் தாழ வைத்துக் குனிந்து பார்க்கலாம், உயரம் வேறுபட்ட ஆட்களும் ஒரே அமைப்பில் பார்க்கலாம். ஏற்கெனவே சாய்வு வாங்கிவிட்டவர்கள் கவலைப்படவேண்டாம்: ஸ்கோப்பின் நடுவில் இருக்கும் வளையத்தைத் தளர்த்தி உடலைச் சுழற்றினால் ஐபீஸ் பக்கவாட்டில் நம்மை நோக்கித் திரும்பும். முதலில் திசை குழம்பும், பழகிவிடும். புதிதாக வாங்குகிறவர் முக்கால்வாசி நேரம் காரில்தான் என்றால் நேர் ஐபீஸை யோசிக்கலாம், என்னைக் கேட்டால் குடும்பத்துக்குச் சாய்வுதான்.

மவுண்டைக் குறை சொல்பவர்கள் பாதிப் பேர் உண்மையில் காற்றைத்தான் குறை சொல்கிறார்கள். ஏசி ஓடி உள்ளே குளிர்ந்திருக்கும், வெளியே லோவெல்ட் (க்ரூகர் இருக்கும் தாழ்நிலப் பகுதி) வெயில் கொளுத்தும். ஜன்னலைத் திறந்ததும் இரண்டு காற்றும் லென்ஸுக்கு முன்னாலேயே கலந்து காட்சி நெளியும். ஏசியை அணைத்து, எதிர்ப்பக்க ஜன்னலையும் திறந்து, ஐந்து நிமிடம் விடுங்கள். சூடான பானெட்டுக்கு மேலே பார்க்காதபடி வண்டியைத் திருப்பி நிறுத்துங்கள். மூடின கண்ணாடி வழியாக ஸ்கோப்பில் பார்ப்பதை மறந்துவிடுங்கள். மதிய வெயிலில் தூரத்துத் தரை நெளியும்போது எந்த மவுண்டும் எந்த ஸ்கோப்பும் உதவாது, மடங்கைக் குறைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள்.

இனி வெளியே. இங்கே ட்ரைபாடுக்குப் போட்டியே இல்லை. மோனோபாட் என்ற ஒற்றைக் கால் ஸ்டாண்ட் நடக்கும்போது பைனாகுலருக்குச் சரி, ஸ்கோப்புக்கு அரைகுறை.

எந்த ட்ரைபாட் என்றால், நடு கம்பத்தை ஏற்றாமலேயே உங்கள் நெஞ்சு உயரம் வருகிற ட்ரைபாட். நடு கம்பத்தை உயர்த்திய உடனே அது மூன்று காலில் நிற்கும் ஒற்றைக் கால் ஆகிவிடுகிறது. கார்பன் இலகு, அதிர்வும் சீக்கிரம் அடங்கும். காரை விட்டு ஐம்பது அடிக்கு மேல் நடக்காதவருக்கு அலுமினியமே போதும், மிச்சக் காசை ஹெட்டில் போடலாம். டர்பனில் உம்கேனி ஆற்று முகத்தில், ப்ளூ லகூன் பக்கம், கடல் காற்று அடிக்கும். அங்கே கால்களை அகலமாக விரித்துத் தாழ இறக்கி, ஒரு காலை லென்ஸ் திசையில் முன்னால் வைத்து, பையை நடுவில் தரையைத் தொட்டும் தொடாமலும் தொங்கவிடுங்கள். முழுசாகத் தொங்கவிட்டால் காற்றில் பை ஊஞ்சலாடி அதுவே ஆட்டிவைக்கும். அலை இறங்கிச் சேறு தெரியும் நேரத்தில், ஆர்க்டிக் பக்கத்திலிருந்து நம்ம கோடைக்கு வந்த உள்ளான்கள் அதில் மேயும். கொசு உள்ளானும், அலகு கீழ்நோக்கி வளைந்த உள்ளானும் கலந்து ஓடும்போது பிரித்துச் சொல்வதற்குக் காட்சி அசையாமல் இருந்தே ஆகணும். வீட்டுக்கு வந்ததும் ட்ரைபாட் கால்களை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள், உப்பும் மணலும் திருகு பூட்டுகளை அரித்துவிடும்.

பாலத்தில் பார்க்கும்போது வண்டி போனால் ட்ரைபாட் நடுங்கும், கடந்து போகும்வரை பொறுங்கள். க்ரூகரில் ஸ்குகூசா கேம்ப் பக்கத்து லேக் பானிக் மாதிரி பலகைத் தரை போட்ட மறைவிடங்களில் யாராவது நடந்தாலும் அப்படியே. அங்கே விளிம்புப் பலகையில் பீன்பேக்கை வைப்பது பல நேரம் ட்ரைபாடைவிட நன்றாக இருக்கும், பெஞ்சில் உட்காரும் மற்றவர்களுக்கும் ட்ரைபாட் கால் இடறாது.

காருக்குள்ளேயே ட்ரைபாடை விரித்துப் பார்ப்பவர்களும் உண்டு. தனியாகப் போகும்போது, பின்சீட்டில், குட்டையான ட்ரைபாட் என்றால் ஓடும். குடும்பத்தோடு முடியாது, அவ்வளவுதான்.

ஹெட்டுக்கு வருவோம். பால்ஹெட் (உருண்டை மூட்டில் எல்லாப் பக்கமும் திரும்பும் ஹெட்) வேண்டாம். கேமராவுக்கு அது அருமை, ஸ்கோப்பில் ஒரு திருகைத் தளர்த்தினால் பக்கவாட்டிலும் சரிந்து விழும். சின்ன ஃப்ளூயிட் ஹெட் எடுங்கள், வீடியோ எடுப்பவர்கள் வைத்திருப்பது. பறவை நடக்கும்போது கூடவே மெதுவாகத் திரும்பும், விட்ட இடத்தில் நிற்கும். வாங்கும் முன் மூன்று விஷயம் பாருங்கள். அடிப்பகுதி தட்டையாக இருந்து 3/8 அங்குலத் திருகில் உட்காரணும். பெரும்பாலான நல்ல ட்ரைபாடுகளில் இருப்பது அந்தத் திருகுதான். விண்டோ மவுண்டும் மேலே அதே திருகு நீட்டிக்கொண்டிருக்கும் வகையாக இருக்கணும், சொந்தமாக ஒரு குட்டி ஹெட்டை ஒட்டிக்கொண்டு வரும் வகை வேண்டாம். கைப்பிடியைக் கழற்ற வரணும், காருக்குள் அது நெஞ்சில் குத்தும். ஸ்கோப்பின் அடியில் மாட்டும் தட்டை இறுக்கி அப்படியே விட்டுவிடுங்கள். சில ஸ்கோப்களின் பாதமே ஆர்க்கா-சுவிஸ் என்ற வகைப் பிடிக்குள் நேரடியாக நுழையும். அப்படியானால் ஹெட்டையும் அதே வகையாக எடுத்தால் தட்டே தேவையில்லை.

ஹெட்டை மவுண்டிலிருந்து ட்ரைபாடுக்கு மாற்ற ஒரு நிமிடம் ஆகும். க்ரூகரின் ம்லொண்டோசி பிக்னிக் இடத்தில் இறங்கி, கீழே தெரியும் அணையைப் பார்த்து ஸ்கோப்பை நிறுத்த அந்த ஒரு நிமிடம் பெரிய விஷயமில்லை. அதுவும் பொறுக்காதவர் ஒரே மாதிரி இரண்டு ஹெட் வாங்கலாம், தட்டு ஒன்றே என்பதால் ஸ்கோப் மட்டும் இடம் மாறும்.

நான் சொல்லும் வாங்கும் வரிசை பூங்காவுக்குப் போகிறவர்களுக்கு: பீன்பேக் உடனே, ஹெட்டும் மவுண்டும் அடுத்து, ட்ரைபாட் கடைசியில். வருடத்துக்கு ஒருமுறைதான் க்ரூகர், மற்ற வாரமெல்லாம் ஆற்று முகமும் கடற்கரையும் என்று இருக்கும் டர்பன்காரர் இதைத் தலைகீழாக்கி ட்ரைபாடையும் ஹெட்டையும் முதலில் வாங்கட்டும், காருக்கு ஜீன்ஸ் காலில் தைத்த பையே அவருக்குப் போதும்.