அத்தையோடு நடந்து பார்த்த சிங்கப்பூர்: கூரை, சிக்னல், பெஞ்சு

நடக்கிற ஆளுக்கு சிங்கப்பூர் அருமையான ஊர். சும்மா உட்கார நினைக்கிற ஆளுக்கு அவ்வளவு அருமை என்று சொல்ல மாட்டேன். முழங்கால் வலியோடு இருக்கும் என் மாமியாரை (அத்தை என்றுதான் கூப்பிடுவேன்) கூட்டிக்கொண்டு எங்கள் ஊர்ப் பகுதிகளான ஈசூனிலும் தேக்காவிலும் (லிட்டில் இந்தியா) பல வருஷமாகச் சுற்றியதில் எனக்குத் தோன்றியது இது.

முதலில் கூரை. வீட்டிலிருந்து எம்ஆர்டி (நகர ரயில்) நிலையம் வரைக்கும் கூரை போட்ட நடைபாதை இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று, அது இல்லாத ஊருக்குப் போய் வந்தால்தான் தெரியும். 2013இல் அறிவித்த திட்டத்தில் 200 கிலோமீட்டருக்கு இப்படிப் போட்டார்கள். எம்ஆர்டி நிலையத்திலிருந்து 400 மீட்டருக்குள் இருக்கும் பள்ளி, மருந்தகம் மாதிரியான இடங்களை இணைப்பது நோக்கம். மழையைவிட மத்தியான வெயிலுக்குத்தான் எங்களுக்கு அதிகம் உதவுகிறது. குறை என்றால், சாலையைக் கடக்கும் இடத்தில் கூரை நின்றுவிடும். சில இடங்களில் கூரையை உயரத்தில் போட்டிருக்கிறார்கள், சாரல் முழுக்க உள்ளேதான்.

அத்தைக்கு ரொம்பப் பிடித்தது சிக்னல் கம்பத்தில் இருக்கும் பெட்டி. மூத்தோர் சலுகை அட்டையை அதில் வைத்தால், சாலையின் அகலத்தைப் பொறுத்து நடப்பவர்களுக்கான பச்சை மனிதன் விளக்கு 3 முதல் 13 விநாடி வரை கூடுதலாக எரியும். 2009இல் தொடங்கியது. முதல் தடவை கடந்து போனபோது, "என் ஒருத்திக்காக இத்தனை காரும் நிக்குது பாரேம்மா" என்றார். இன்னும் எல்லா சிக்னலிலும் இல்லை என்பது அவருடைய நிரந்தரப் புகார். எனக்கு வேறொரு புகார் உண்டு. ஊரிலிருந்து என்னைப் பார்க்க வரும் அம்மாவுக்கும் அதே வயசு, அதே முழங்கால். ஆனால் வருகை அனுமதியில் வருகிறவருக்கு அந்த அட்டை கிடையாது. எதிர்ப்பக்கம் சேரும்வரை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

இனி பெஞ்சு. சில பஸ் நிறுத்தங்களில் உட்காரும் இடம் என்று இருப்பது வெறும் இரும்புக் குழாய். சாய்ந்து நிற்கலாம், உட்கார முடியாது. அடுக்குமாடி வீடுகளின் திறந்த கீழ்த்தளத்தில் சதுரங்கக் கட்டம் போட்ட கல் மேசையைச் சுற்றி கல் முக்காலி இருக்கும். முதுகுச் சாய்ப்பு கிடையாது, இழுத்துப் போடவும் முடியாது. அத்தை கொஞ்ச நேரத்தில் நெளிய ஆரம்பித்துவிடுவார். நடுவில் கைப்பிடி வைத்த நீள பெஞ்சுதான் அவருக்கு வசதி, அந்தப் பிடியை அழுத்தித்தான் எழுந்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் போனால் அதே கைப்பிடி வேறு வேலை செய்கிறது. வாரம் முழுக்கக் கட்டட வேலை பார்த்த தம்பிகள் அதில் ஒரு மணி நேரம் காலை நீட்டிப் படுக்க முடியாது. புல்தரையில் அட்டையை விரித்து, நிழல் நகர நகர அவர்களும் நகர்ந்துகொண்டிருப்பார்கள். முதியவருக்காக என்றால் இரண்டு ஓரத்திலும் பிடி வைத்தால் போதாதா என்று வீட்டில் கேட்டேன். "நடுவில் உட்காருகிறவரும் முதியவராக இருந்தால்?" என்றார் என் கணவர். நியாயமான பதில். ஆனாலும் படுக்கிற அளவுக்குப் பிடி இல்லாத பெஞ்சு ஒன்றிரண்டு பக்கத்திலேயே போட்டால் யாருக்கு என்ன நட்டம் என்ற கேள்வி எனக்குப் போகவில்லை.

கீழ்த்தளம் பற்றி மட்டும் தனியாகவே எழுதலாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடி புளோக்குகளின் தரைத்தளத்தை வீடு கட்டாமல் திறந்தவெளியாக விட்டது இந்த ஊரின் நல்ல யோசனைகளில் ஒன்று. கல்யாண விருந்தும் அங்கேதான், சாவு வீட்டுப் பந்தலும் அங்கேதான். காரணம் எதுவும் சொல்லாமல் நிற்கலாம். ஆனால் தூணுக்குத் தூண் பந்து விளையாடாதே, சைக்கிள் ஓட்டாதே என்று பலகை. 2016இல் குவீன்ஸ்டவுனில் ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் பிள்ளைகள் பந்து விளையாடாதபடி இரும்புத் தடுப்பே போட்டு, பேச்சு கிளம்பியதும் எடுத்தார்கள். புதிய புளோக்குகளில் கீழ்த்தளமே சுருங்கிவிட்டது. பாலர் பள்ளியும் முதியோர் நிலையமும் வந்திருக்கின்றன, இரண்டும் தேவைதான். ஒன்றும் இல்லாத இடமாக அது இருந்ததன் சௌகரியம் போய்விட்டது.

பெற்றோரை அழைத்து வருகிறவர்களுக்கு என் சிபாரிசு நூலகம். காசு கேட்க மாட்டார்கள், குளிரூட்டி உண்டு, சாய்ந்து உட்கார நாற்காலி உண்டு. உட்லண்ட்ஸ் வட்டார நூலகத்தில் தமிழ்ப் புத்தகமும் நிறைய. உணவங்காடியில் காலை பத்து மணி வாக்கில் கூட்டம் குறைவு. ஒரு டீ வாங்கிக்கொண்டால் யாரும் எழுப்ப மாட்டார்கள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் போகாதீர்கள், மேசையில் டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம் பிடித்திருப்பார்கள்.